விதோசவாவும் ஒப்ராத் வீட்டு ரொட்டியும்

எங்கள் ஒராவோ ஊரில் பயந்தாங்கொள்ளிகளுக்குப் பட்டியல் போட்டால் விதோசவாவின் பெயர்தான் முதலில் வரும். தவளைக்குப் பயம், இடிக்குப் பயம், மாட்டு வைத்தியரின் ஊசிக்கு மாட்டைவிட அதிகப் பயம். தொலைபேசி மணி அடித்தால் சிலுவை போட்டுக்கொண்டுதான் கையில் எடுப்பாள். பத்தொன்பது வயதில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்ரேதெனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கல்யாண வண்டிக் குதிரை தும்மியதற்கு அவள் போட்ட அலறலை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்படிப்பட்டவள், மீசை வைத்த ஆம்பிளைகள் பலர் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தாள். ஒரு தடவை அல்ல, மூன்று வருடம் தொடர்ந்து செய்தாள்.

அவள் வீட்டுக்கும் அடுத்த வீட்டு ஒப்ராத்துக்கும் நடுவில் ஒரு மரவேலி. இரண்டு பக்கமும் ராஸ்பெர்ரித் தோட்டம். வேலி கோழிகளுக்காகப் போட்டது, மனிதர்கள் அதை மதித்ததே இல்லை. பன்றி அடிப்பது, பிளம் சாராயம் காய்ச்சுவது, பழப்பெட்டிகளைக் குளிர்பதனக் கிடங்குக்கு ஏற்றுவது எல்லாம் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான். ஒப்ராத்துக்கும் தாரிங்காவுக்கும் ஒரே மகன், நெனாத். தன் வீட்டில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பத்து மணிக்கு விதோசவாவின் அடுப்படிக்கு வந்து பாத்திர மூடியைத் தூக்கிப் பார்ப்பான். "விதா சித்தி, உப்பு கம்மி" என்று குறை சொல்லிக்கொண்டே பாதியைக் காலி செய்துவிடுவான்.

அவனுக்குப் பத்தொன்பது வயது நடந்த ஜூலை மாதம் அது நடந்தது. ஸ்ரேதென் டிராக்டர் ஓட்டினான், பின்னால் பழப்பெட்டிகள், சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகட்டில் நெனாத். தகட்டில் உட்காரக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் உட்காருவார்கள், இன்றைக்கும் உட்காருகிறார்கள், சொன்னால் சிரிக்கிறார்கள். ஆற்றுச் சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. டிராக்டர் கவிழ்ந்தது. ஸ்ரேதெனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. நெனாத் எழுந்திருக்கவே இல்லை.

நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்று எழுதி, ஸ்ரேதெனைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டுவிட்டது. சிறைக்குப் போயிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அடக்கத்தன்று கட்டுப் போட்ட கையோடு ஒப்ராத்தின் வாசலுக்குப் போய் நின்றான். ஒப்ராத் கத்தவில்லை, அடிக்கவில்லை.

"உன் நிழல்கூட இந்த வாசல்ல விழக்கூடாது," என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு நின்றது. விதோசவாவுக்கு இரண்டு துக்கம். புருஷனின் துக்கத்தையாவது வெளியே காட்டலாம். நெனாத்துக்காக அழ அவளுக்கு உரிமை இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. கோயிலில் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி நடும் மணல்தட்டில், தாரிங்கா வருவதற்கு முன்னால் அவசர அவசரமாக ஒன்றை ஏற்றிவிட்டு, திருடியவளைப்போலத் திரும்பி வந்துவிடுவாள்.

கோழிகளுக்கு மட்டும் இந்தச் சண்டை புரியவில்லை. விதோசவாவின் கோழிகள் வேலிக்கு அடியில் புகுந்து ஒப்ராத்தின் வைக்கோலில் முட்டையிட்டன. தாரிங்கா அந்த முட்டைகளைப் பொறுக்கி வேலிக்கம்பத்தின் தலையில், ஒரு பழைய கிண்ணத்தில் வைத்துவிடுவாள். ஒரு முட்டைகூடக் குறைந்ததில்லை, ஒரு வார்த்தையும் சேர்ந்து வந்ததில்லை. வருடக்கணக்காக இரண்டு வீட்டுக்கும் இருந்த ஒரே போக்குவரத்து அந்த முட்டைகள்தான்.

டிசம்பர் பத்தொன்பது புனித நிக்கோலாவின் நாள். அதுதான் ஒப்ராத் குடும்பத்தின் ஸ்லாவா, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அந்த வீட்டைக் காக்கும் புனிதரின் திருநாள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால் அது அவமரியாதை. நினைவிருக்கிறவர்கள் வருவார்கள், வருகிறவர் யாராக இருந்தாலும், பகையாளியாகவே இருந்தாலும், திருப்பி அனுப்பக்கூடாது. அன்றைக்கு வீட்டுக்காரர் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாருக்கும் பரிமாறுவார். நடுமேசையில் மெழுகுவர்த்தியும் ரொட்டியும் இருக்கும். அந்த ரொட்டியை வீட்டுக்காரர் ஒரு பக்கமும் மகன் எதிர்ப்பக்கமும் பிடித்துச் சேர்ந்து பிய்க்க வேண்டும். நெனாத் போனபிறகு ஒப்ராத் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாகவே பிய்க்கிறார், பாதிரியார் கை நீட்டினால்கூடக் கொடுப்பதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு நிக்கோலா நாளும் ஸ்ரேதென் முகம் மழித்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவான். அடுத்த வீட்டுக்கு ஆட்கள் போவதையும் வருவதையும் பார்ப்பான். கடைசி விருந்தாளி போனதும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்வான்.

"ஒரு தடவை போய்ப் பாரேன்," என்று விதோசவா ஒருமுறை சொன்னாள்.

"எந்த முகத்தோட போறது," என்றான் அவன்.

ஐந்து வருடம் அப்படி உட்கார்ந்தவன், ஆறாவது வருட இலையுதிர் காலத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்கு ஒப்ராத் வரவில்லை. ஆனால் அன்று அந்த வீட்டில் வானொலி பாடவில்லை என்பதை விதோசவா கவனித்தாள்.

ஆஸ்திரியாவில் வேலை செய்யும் மகள் கொர்தானா, "அங்க யாரும்மா இருக்கா உனக்கு? வந்துடு" என்று ஞாயிறுதோறும் கூப்பிட்டாள். விதோசவாவுக்கு விமானம் என்றால் பயம், அது ஒரு காரணம். ஆனால் ஸ்ரேதெனால் செய்ய முடியாமல் போன ஒன்றை இங்கே பாதியில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் உண்மையான காரணம். அதை மகளிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கியதும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது கவ்ரிலோ பாதிரியாரிடம் சொன்னாள். அவர் தேனீ வளர்ப்பவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"எல்லாரோடும் சமாதானமா இருக்கியா?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"எல்லாரோடும்தான் சாமி. வேலிக்கு அந்தப் பக்கத்தைத் தவிர."

"நான் கேட்டதே வேலிக்கு அந்தப் பக்கத்தைத்தான்."

"எங்க வீட்டுக்காரருக்காக மன்னிப்புக் கேட்கணும் சாமி. ஆனா அந்த வாசலை நினைச்சாலே வயித்தைக் கலக்குது."

"வயிறு கலங்கட்டும். நிக்கோலா நாளைக்கு அந்த வாசல் திறந்திருக்கும். வயித்தையும் கூட்டிக்கிட்டுப் போ."

வீட்டுக்கு வந்து, தன் குடும்பப் புனிதரான ஜார்ஜியாரின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வழக்கம்போலச் சண்டை பிடித்தாள். விதோசவாவின் ஜெபமே அப்படித்தான், பாதி மன்றாட்டு, பாதி முணுமுணுப்பு. "உங்களுக்கென்ன, குதிரை இருக்கு, ஈட்டி இருக்கு, எதிர்ல வெறும் பாம்பு. எனக்கு எதிர்ல ஒப்ராத் அண்ணன்," என்றாள். பிறகு முழங்கால் போட்டு, ஆண்டவரிடம் தைரியத்தைக் கேட்டாள். முழுசாக வேண்டாம், அந்த வாசல்வரை போகிற அளவுக்குப் போதும் என்று கேட்டாள்.

கேட்ட அளவு கிடைத்தது. வாசல்வரை போனாள். நல்ல நாளென்றால் வழக்கமாகச் செய்யும் பலகாரத்தைச் செய்து, துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்தவள் தாரிங்கா. தாரிங்கா தட்டை வாங்கி, துணியைத் தூக்கி, மோந்து பார்த்தாள்.

"பாலாடைக்கட்டியும் முட்டையும்," என்றாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. "நோன்பு நாள்ல. நிக்கோலா புனிதர் மேசைக்கு. உனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா விதா?"

நாற்பது வருடத்தில் ஒரு நோன்பும் தவறாதவள் விதோசவா. மனம் வாசலிலேயே நின்றதில் கை பழக்கப்படி வேலை பார்த்துவிட்டது. மீன் மட்டுமே பரிமாறும் மேசைக்குப் பாலும் முட்டையும் கொண்டுவந்து நிற்கிறாள். வந்தவளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது வீட்டுக்காரர்களுக்கு விதி. வந்தவள் தானாகவே ஓடிப்போனால் அதற்கு விதி ஒன்றும் இல்லை. விதோசவா தட்டை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடினாள்.

மூன்று நாள் வெட்கத்தில் வெளியே தலைகாட்டவில்லை. ஜார்ஜியாரின் படத்தை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. ஆனால் பழைய நாள்காட்டிப்படி ஜனவரி ஏழில் வரும் எங்கள் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், வேலிக்கம்பத்தின் மேல் அவளுடைய தட்டு கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. தாரிங்கா பலகாரத்தை ராஸ்பெர்ரிக் குளிர்பெட்டியில் போட்டு வைத்து, நோன்பு முடிந்ததும் சூடாக்கியிருக்க வேண்டும். தட்டு வெறுமையாக இல்லை. அதில் நான்கு வால்நட்டுகள் இருந்தன.

அந்த நான்கையும் அவள் ஜார்ஜியாரின் விளக்கடியில் வைத்தாள். கோடைக்கு வந்த கொர்தானா விவரம் தெரியாமல் இரண்டை உடைத்துத் தின்றுவிட்டாள். தாய் கண்கலங்கியதைப் பார்த்து, "வால்நட்டுக்கெல்லாம் அழறியே, இதுக்குத்தான் வந்துடுன்னு சொல்றேன்" என்றாள்.

இரண்டாம் வருடம் விதோசவா எண்ணெயில் வேகவைத்த பீன்ஸ் கொண்டுபோனாள். கிளம்பும் முன் சட்டியை மூன்று தடவை திறந்து பார்த்தாள். தாரிங்காவும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "இந்தத் தடவை முட்டை இல்லை, உள்ள வா," என்றாள். கதவோரம் ஒரு நாற்காலி. முறைப்படி ஒரு கரண்டி இனிப்புக் கோதுமை, ஒரு வாய் திராட்சரசம். ஒப்ராத் நின்றுகொண்டே எல்லாருக்கும் மீன் பரிமாறினார், அவளுக்கும் பரிமாறினார், முகத்தைப் பார்க்கவில்லை. டவுனிலிருந்து வந்திருந்த தாரிங்காவின் தம்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "இப்பல்லாம் யார் வேணும்னாலும் உள்ள வர்றாங்க போல," என்றான்.

விதோசவா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் மேசையில யார் உட்காரணும்னு நிக்கோலா புனிதர் பார்த்துக்குவார்," என்றார் ஒப்ராத். "நீ முள்ளைப் பார்த்துச் சாப்பிடு."

சொல்ல வந்த ஒரு வாக்கியத்தை அன்று அவளால் சொல்ல முடியவில்லை. ஸ்ரேதெனை மன்னித்துவிடுங்கள், அவ்வளவுதான் வாக்கியம். சொல்லாமலே எழுந்து வந்தாள். மறுநாள் எல்லாம் பழையபடி. வேலிக்கம்பத்தில் முட்டை, பேச்சில்லை. ஏமாற்றத்தில் அவள் ஒரு வாரம் விளக்கேற்றாமல்கூட இருந்து பார்த்தாள். பிறகு இருட்டில் இருக்கும் புனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் ஏற்றிவிட்டு, "சரி, அடுத்த வருஷம்," என்றாள்.

அந்த அடுத்த வருடம் பனி கொட்டியது. மூன்று நாள் விடாமல் கொட்டி, டிசம்பர் பத்தொன்பது காலையில் இடுப்பு உயரத்துக்கு நின்றது. டவுனிலிருந்து பேருந்து வரவில்லை, பாதிரியார் மேல்கரையில் மாட்டிக்கொண்டார், பாதை திறக்கும் வண்டி நாளைக்குத்தான் என்றார்கள். விதோசவா ஸ்ரேதென் உட்கார்ந்த அதே ஜன்னலில் நின்று பார்த்தாள். ஒப்ராத் வீட்டுப் புகைபோக்கியில் காலையிலிருந்து புகை. தாரிங்கா முப்பது பேருக்குச் சமைத்திருப்பாள். ஆனால் வாசலுக்கு ஒரு காலடித் தடம்கூட இல்லை. ஸ்லாவா மேசை காலியாகக் கிடக்கிற வீட்டின் வேதனை எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். அது விருந்தாளி வராத வருத்தம் மட்டுமல்ல, புனிதரே முகம் திருப்பிக்கொண்ட மாதிரி.

"எனக்குக் குதிரை இல்லை," என்று ஜார்ஜியாரிடம் சொன்னாள். "பீன்ஸ் சட்டிதான் இருக்கு. கூட வாங்க."

இரண்டு வாசலுக்கும் நடுவில் நூறு தப்படி இருக்கும். ஒவ்வொரு தப்படிக்கும் ஒரு "ஆண்டவரே இரங்கும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். தெருவுக்கு வந்ததும் விழுந்தாள், சட்டியை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்தாள், இன்னும் கொஞ்சம் போனாள், ஒப்ராத்தின் வாசலுக்குப் பத்துப் பன்னிரண்டு தப்படி இருக்கும்போது பள்ளத்தில் கால் இறங்கி மார்புவரை புதைந்தாள். கால் எங்கேயோ சிக்கிக்கொண்டது. திரும்பிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. பனியைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்? யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னொரு "ஆண்டவரே இரங்கும்" சொல்லி, முன்பக்கமாகவே காலை இழுத்தாள்.

கதவு திறந்தது. ஒப்ராத் வெளியே வந்து, அவளைப் பார்த்து, உள்ளே போனார். போய்விட்டார் என்று அவள் நினைத்தாள். மண்வெட்டியோடு திரும்பி வந்தார். வாசலிலிருந்து அவளை நோக்கிப் பனியை அள்ளிப் போட ஆரம்பித்தார். அறுபத்தேழு வயதுக்காரர், மூச்சு வாங்கியது, நடுவில் இரண்டு தடவை நின்றார். அவள் சட்டியைத் தலைக்கு மேல் பிடித்தபடியே காத்திருந்தாள்.

பக்கத்தில் வந்ததும், "திருநாள் வாழ்த்துகள், அண்ணே," என்றாள் முறைப்படி.

ஒப்ராத் மண்வெட்டியை ஊன்றி அவளைப் பார்த்தார். "போன வருஷத்துக்கு இந்த வருஷம் குள்ளமாயிட்டே," என்றார். கையை நீட்டி மேலே இழுத்தார்.

உள்ளே முப்பது தட்டு, முப்பது கோப்பை, ஒருவரும் இல்லை. மெழுகுவர்த்தி பாதி எரிந்திருந்தது. ரொட்டி பிய்க்கப்படாமல் இருந்தது.

"இனிமே யாரும் வரப்போறதில்லை," என்றார் ஒப்ராத், கோட்டிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே.

"வர வேண்டியவ வந்துட்டாளே," என்றாள் தாரிங்கா.

மூவரும் மேசையைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். ஒப்ராத் ரொட்டியைச் சிலுவையாகக் கீறி, கீறலில் திராட்சரசம் ஊற்றினார். மூன்று பேர் கையும் பட ரொட்டியை வட்டமாகச் சுழற்றினார்கள். பிறகு வழக்கம்போல அவர் அதை நெஞ்சோடு சேர்த்தார். சேர்த்தவர் பிய்க்காமல் அப்படியே நின்றார். மெதுவாக ரொட்டியை மேசைக்கு மேலே, விதோசவாவை நோக்கி நீட்டினார்.

"அந்தப் பக்கம் பிடி."

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "அது நெனாத்தோட பக்கம் அண்ணே."

"யாரோட பக்கம்னு எனக்குத் தெரியாதா? பிடி."

"கை ஈரமா இருக்கு."

தாரிங்கா தன் மேலங்கி முனையைப் பிடித்து அவள் கைகளை, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல, விரல் விரலாகத் துடைத்துவிட்டாள். விதோசவா ரொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். மூன்று வருடமாகத் தொண்டையில் நின்ற வாக்கியம் இப்போது தானாகவே வந்தது.

"அண்ணே, எங்க ஸ்ரேதெனை மன்னிச்..."

"ரொட்டியைப் பிடிச்சுக்கிட்டு வேற பேச்சுப் பேசக்கூடாது," என்றார் ஒப்ராத். குரல் சரியில்லை. குனிந்து ரொட்டியை முத்தமிட்டார். "கிறிஸ்து நம்ம நடுவுல இருக்கார்."

இதற்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். அவளும் குனிந்து முத்தமிட்டாள். "இருக்கார், இருப்பார்," என்றாள். மூன்று தடவை அப்படிச் சொல்லி, மூன்றாவது தடவை ரொட்டி பிய்ந்தது. பெரிய பாதி விதோசவாவின் கையில் வந்தது. பெரிய பாதி யாருக்கு வருகிறதோ, அடுத்த விளைச்சல் அவர்கள் பக்கம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"போச்சு," என்றாள் தாரிங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வர்ற வருஷம் பழமெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம்தான்."

விதோசவா அன்று மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். மீதி இருபத்தொன்பது பேருக்கும் சேர்த்து உன்னைச் சாப்பிட வைக்கிறேன் பார் என்று தாரிங்கா விடவில்லை. மாலை மங்குவதற்குள் கிளம்பியபோது ஒப்ராத் தன் பாதியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"எனக்குத்தான் பெரிய பாதி வந்துருச்சே அண்ணே."

"உனக்கில்லை. அவனுக்கு." ஒப்ராத் அவள் வீட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "வருஷா வருஷம் கோட்டைப் போட்டுக்கிட்டு அங்க உட்கார்ந்திருப்பான். பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். முதல் வருஷம் வந்திருந்தா கம்பைத் தூக்கியிருப்பேன். ரெண்டாவது வருஷமும் தூக்கியிருப்பேன். அதுக்கப்புறம், எப்ப வருவான்னு பார்க்க ஆரம்பிச்சிட்டேன். ஸ்லாவாவுக்கு ஆளைக் கூப்பிட முடியாதே விதா. கூப்பிடுற நாளா இருந்தா கூப்பிட்டிருப்பேன்."

அவர் வெட்டிய பாதையில் அவள் நடந்து வீட்டுக்கு வந்தாள். அந்தக் கறுப்புக் கோட்டு கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரேதெனின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, துணியைப் பிரித்து, ரொட்டியை வைத்தாள்.

"ஒப்ராத் வீட்டு ரொட்டி," என்றாள். "உனக்குத்தான் கொடுத்து விட்டிருக்கார். சாப்பிடு."